அட்டைப்படத்தின் கடைசி வரி

அம்மா செருப்பில்லாமல் கடைக்குள் ஓடி வந்தபோது நான் இறந்துபோன ஒருவருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் புளியங்கூடலைச் சேர்ந்தவர். வீட்டுக்காரர் கொண்டுவந்த ஒரேயொரு படத்தில் வெறும் மேலோடு மாமரத்தின் கீழ் நின்றார். கனடாவில் இருக்கிற மகன் கோட்டும் கழுத்தில் ரையும் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். எங்கள் கணினியில் ஆறு கோட்டுகள் இருக்கின்றன. கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்குப் பொருந்துகிற கோட்டை எடுத்து ஒட்டி, தோளைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் சரி. எனக்கு அந்த வேலை பிடிக்கும். படத்தில் இருப்பவர்கள் என்னோடு கதைக்க மாட்டார்கள்.

"நீயேடி இதை அடிச்சனி?" என்றார் அம்மா. "நீயே அடிச்சுப்போட்டு எனக்கு மறைச்சு வைச்சிருக்கிறாய், என்ன?"

விசைப்பலகையின் மேல் எதையோ போட்டார். கறுப்புத் தாளில், பாரிசில் இருக்கிற அண்ணாவின் முகம். கண் மூடியிருந்தது. வெள்ளைச் சட்டை. கீழே பெரிய வெள்ளை எழுத்தில் மிரோஜன் என்று பெயர்.

ஒரு கணம் நானும் நம்பிவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் படகு ஜெற்றிக்குப் போகிற வீதியில் இருக்கிறது அன்ரனிதாஸ் அண்ணையின் கடை. பெயர்ப்பலகையில் கலியாண அழைப்பிதழ், திருவிழாப் பதாகை, போட்டோப் பிரதி என்றெல்லாம் இருந்தாலும் நாங்கள் கூடுதலாக அடிப்பது மரண அறிவித்தல்தான். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் அவருடைய முகம் எங்கள் கடையிலிருந்து புறப்பட்டு மின்கம்பங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் ஏறிவிடும். ஆகவே அம்மா நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. நண்டு உடைக்கிற இடத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். விறாந்தைக் கதிரையில் ஒரு பை இருந்திருக்கிறது. பிரான்சிலிருந்து திருவிழாவுக்கு வந்திருக்கிற றஞ்சனி அக்கா, ஆளில்லாத நேரம் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணா கொடுத்துவிட்ட உடுப்பு, சவர்க்காரம், சொக்கிலேற். அடியில் இது. அம்மா பெரிய எழுத்தை மட்டும்தான் எழுத்துக் கூட்டி வாசிப்பார். கறுப்பு, மூடிய கண், பெயர். அதற்கு மேல் வாசிக்க அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் கண்ணை மூடிய முகத்தைப் படம் பிடிப்பது பெட்டிக்குள் வைத்த பிறகுதான், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக.

நான் அதைக் கையில் எடுத்தேன். பாரமாக இருந்தது. ஒற்றைத் தாளல்ல, புத்தகம். மூலையில் கோடுகோடாக விலைப்பட்டி.

"அம்மா, இதில விலை போட்டிருக்கு," என்றேன்.

அன்ரனிதாஸ் அண்ணை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "மரியநாயகி அக்கா, இஞ்ச பாருங்கோ. நாலு யூரோ. செத்தவீட்டு நோட்டீசை ஆரும் விலைக்கு விப்பினமோ? நானும் பதினெட்டு வருசமா அடிக்கிறன், ஒருத்தரும் வாங்கேல்லை."

"பகிடி விடாத தாசன். என்ர நெஞ்சு அடிக்குது."

"பகிடியில்லையக்கா. இது பாட்டுப் புத்தகம். உங்கட பெடியன் பெரிய பாட்டுக்காரனாயிட்டான். பாரிசில முன்பக்கத்தில போட்டிருக்கிறாங்கள்."

அம்மா கதிரையில் இருந்தார். சிரித்தார். சிரித்த வாயோடேயே அழுதார். நண்டோட்டில் கீறுப்பட்ட விரல்களால் அண்ணாவின் மூடிய கண்களைத் தடவினார்.

"ஏன் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறான்? நித்திரையோ?"

"அது ஸ்ரைலக்கா."

"கண்டறியாத ஸ்ரைல். பெத்தவள் பாப்பாளெண்டு யோசிக்கேல்லையே." சோட்டிச் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்தார். "பிள்ளை, என்ன எழுதியிருக்கு? முழுக்க வாசி."

நான் வாசித்தேன். மேலே இதழின் பெயர், ஒலிமுற்றம். அதற்குக் கீழே "தீவின் குரல்". பெயருக்குக் கீழே "முதற் பாட்டிலேயே பாரிசை அழவைத்தவன்". அடியில், கறுப்பு முடிகிற இடத்தில், சின்ன மஞ்சள் எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. கண் அதில் விழுந்ததும் வாய் நின்றுவிட்டது.

"அவ்வளவும்தானோ?"

"ஓம், அவ்வளவும்தான்."

அன்ரனிதாஸ் அண்ணை என் தோளுக்கு மேலால் அந்த வரியை வாசித்துவிட்டார். தன் மேசைக்குப் போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"ஆழிப்பேரலைக்குத் தாயையும் கைக்குழந்தைத் தங்கையையும் கொடுத்தவன் பாடுகிறான், தனியே." இதுதான் அந்த வரி.

அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. "பிள்ளை, இதைப் பெரிசா அடிச்சுச் சட்டம் போட்டுத் தா. திருவிழாவுக்குச் சனம் வரேக்க அப்பான்ர படத்துக்குப் பக்கத்தில கொழுவ வேணும்."

பெரிதாக அடித்தால் எல்லா எழுத்தும் பெரிதாகும். அம்மா எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு.

*

நான் சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழில் ஏ. கணிதம் இரண்டு தரமும் போய்விட்டது. வகுப்பில் எழும்பிப் பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்றாம் தரம் சோதனைக்குக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. ஆனால் ஒரு தாளைப் பார்த்தால் அது எதை முதலில் காட்ட நினைக்கிறது, எதை ஒளிக்க நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒட்டிய நோட்டீசுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்துகிறவர்களை நாலு வருடமாகக் கடைக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு பெயர், வயது. கடைசியாகக் குனிந்து அடியில் இருக்கிற பெயர்களைத் தேடுவார்கள். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் சகோதரர். அங்கேதான் கனநேரம் நிற்பார்கள். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டாலும் கடைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள்.

அந்தக் கண்ணோடு மூன்று நாள் அட்டையைப் பார்த்தேன். பார்த்ததைக் கொப்பியில் எழுதினேன். என் கொப்பிகள் கடையில் தாள் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. வீட்டில் ஒளிக்க இடமில்லை.

இதழின் பெயரை அண்ணாவின் தலைமயிர் பாதி மறைக்கிறது. மறைத்தாலும் வாசிப்பவர்களுக்குத் தெரியும் என்ற துணிவு அது. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம். மற்றப் பக்கம் கறுப்போடு கலந்துபோகிறது. அண்ணாவுக்கு நாடியில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் வள்ளத்தில் ஏறும்போது விழுந்தது. அதை அழித்திருக்கிறார்கள். நல்ல கைவேலை, தேடினால்தான் தெரியும். கழுத்தில் அம்மா கட்டி அனுப்பிய மாதா உத்தரியக் கயிறு இல்லை. சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, அங்கே ஒன்றும் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கடல் எழும்புகிறது. எங்கள் கடல் அப்படி எழும்பாது. ஜெற்றியில் நின்று காரைநகர்ப் பக்கம் பார்த்தால் குளம்போலக் கிடக்கும்.

பெயரின் எழுத்துகளை நனைந்து உடைந்த பலகை மாதிரிச் செய்திருக்கிறார்கள். கடைசி வரியை மட்டும் நேரான, மெல்லிய எழுத்தில் விட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சத்தம் போடும்போது அது மட்டும் காதுக்குள் சொல்கிறது. "கொடுத்தவன்" என்ற சொல்லைப் பாருங்கள். பறிகொடுத்தவன் என்று எழுதவில்லை. கோயிலுக்குக் கொடுக்கிற மாதிரி எங்களைக் கொடுத்திருக்கிறான். "தனியே" என்ற சொல்லை வரியின் முடிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நானென்றாலும் அங்கேதான் வைத்திருப்பேன். படத்திலும் அப்படித்தான், அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமில்லை. இதைச் செய்தவர் கெட்டிக்காரர். அது எனக்கு இன்னும் கூட நொந்தது.

அந்தக் கணக்கின்படி நான் இரண்டு மாதக் குழந்தையாகச் செத்திருக்கிறேன். அண்ணாவுக்கு அப்போது ஆறு வயது. அலை வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு பூசையில் இருந்தாராம். எங்கள் வீட்டில் அலை ஒருவரையும் கொண்டுபோகவில்லை. அப்பா சில்வெஸ்ரர் போனது எனக்கு எட்டு வயதில், நெஞ்சு நோவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

உள்ளே பதினான்காம் பக்கத்தில் பாட்டை அச்சடித்திருந்தார்கள்.

உலை கொதிக்குது அம்மா, அரிசி போட ஆளில்லை
வலை காயுது அம்மா, மடிச்சு வைக்க ஆளில்லை
அலை எடுத்துப் போனதம்மா, அழவும் எனக்கு ஆளில்லை

முதல் இரண்டு வரியும் என்னுடையவை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்தபடி எழுதினேன். அம்மா செத்துப்போவார் என்று எனக்குப் பயம். கடையில் எல்லோருடைய அம்மாவுக்கும் அடிக்கிறேனே, என் அம்மாவுக்கு என்ன போடுவேன் என்று யோசிக்க யோசிக்க அந்த வரிகள் வந்தன. அம்மா சுகமாகி வீட்டுக்கு வந்தார். கொப்பியை மூடி வைத்தேன். பிறகு ஒருநாள் அண்ணா "சோகமா ஒரு பாட்டு எழுதித் தா பிள்ளை, நீ இரகசியமா எழுதிறனியெல்லோ" என்று கேட்டான். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். என் மூன்றாவது வரி, "கதவு திறந்திருக்கு அம்மா, நீ வாற சத்தமில்லை". சந்தம் வரவில்லை என்று அண்ணா மாற்றினான். உலை, வலை, அலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் ஓம் என்றேன்.

பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவர் சிரித்தார். "பரவாயில்லை, நான் செத்தால் பாட ஆள் தேடத் தேவையில்லை."

*

மத்தியானம் அன்ரனிதாஸ் அண்ணை சாப்பிடப் போன நேரம் அண்ணாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். அவன் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம்.

"அண்ணா, புத்தகம் வந்தது."

ஒரு கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "றஞ்சனி அக்காட்ட உடுப்பு மட்டும்தானே குடுத்தனான். புத்தகம் நான் குடுக்கேல்லை."

"அவ வைச்சிருக்கிறா."

"அம்மா வாசிச்சவவோ?"

"நான்தான் வாசிச்சுக் காட்டினனான். கடைசி வரியை வாசிக்கேல்லை."

மூச்சு விட்டான். "நல்ல பிள்ளை."

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏனண்ணா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எடி, நானாச் சொல்லேல்லை. முதல்முதல் மேடையில பாடி முடிய ஒரு மனிசி ஏறிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது. தன்ர பிள்ளையும் அலையில போனதாம். 'அம்மா எப்பிடி மேனை போனவ' எண்டு கேட்டுது. முழுச் சனமும் பாத்துக்கொண்டு நிக்குது. அந்த இடத்தில நான் என்ன சொல்லுறது? அம்மா நண்டு உடைக்கப் போட்டா, பின்னேரம் வருவா எண்டோ?"

எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அதுக்குப் பிறகு எல்லாரும் அதையே கேட்டினம். பிறகு புத்தகக்காரர் வந்திட்டாங்கள். இல்லையெண்டு சொல்ல ஏலாமல் போச்சு."

"நான் ஏன்? என்னையும் ஏன்?"

"சகோதரங்கள் இருக்கோ எண்டு கேட்டவங்கள். ஓமெண்டா, ஆரோட இருக்கிறாள் எண்டு கேப்பாங்கள்." குரல் இறங்கியது. "நீ எழுதினதுதானேடி. செத்த அம்மாவுக்குத்தானே எழுதியிருந்தாய்."

வகுப்பில் எழும்பி நின்ற மாதிரி நின்றேன். அவன் சொன்னது உண்மை. அம்மாவை முதலில் சாகடித்தது என் கொப்பிதான்.

"கொஞ்ச நாளைக்கு வீடியோக் கோல் வேண்டாம்," என்றான். "அறையில பெடியள் இருக்கிறாங்கள். நானே எடுப்பன். அம்மான்ர படம் ஒண்டும் முகப்புத்தகத்தில போடாத. உன்ரயும்தான்."

"வாற வருசம் திருவிழாவுக்கு வருவனெண்டு சொன்னீங்கள். அம்மா எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டா."

"அங்க இருக்கிறவை விடுவினமோ? அம்மாவோட நிண்டு படம் எடுத்து உடன போட்டிடுவினம்." கோப்பைச் சத்தத்துக்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறன் பிள்ளை. அம்மாவைப் பாத்துக்கொள்."

அண்ணா வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் வருவதென்றால் நாங்கள் உயிரோடு இருக்கவேண்டும். றஞ்சனி அக்கா ஏன் பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார் என்பதும் விளங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலாமல் இருந்திருக்கும்.

*

திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தபோது அட்டையைக் கணினியில் ஏற்றினேன். இரண்டடி உயரத்துக்குப் பெருப்பித்தேன். மஞ்சள் வரியின் ஒவ்வொரு எழுத்தும் என் சின்னவிரல் அளவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த கறுப்பை எடுத்து எழுத்துகளுக்கு மேல் பூசினேன். கோட்டுப் போடுகிற அதே கை, அதே வேலை. தாய் போனது. தங்கை போனது. கடைசியாகத் "தனியே" இருந்தது. அதையும் அழித்தேன்.

"நீர் செய்யிறது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார் அன்ரனிதாஸ் அண்ணை, திரையைப் பார்க்காமல். "நானெண்டாலும் இதைத்தான் செய்வன்."

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மா பார்க்க வந்தார். இந்த முறை செருப்புப் போட்டு, தலை வாரி இழுத்து, அண்ணா அனுப்பிய சட்டையோடு வந்திருந்தார். திரைக்கு முன்னால் இருந்து மேலிருந்து கீழே பார்த்தார். கீழே வந்ததும் நின்றார்.

"அடியில ஏன் இவ்வளவு வெறுமையாக் கிடக்கு?"

நானும் அன்ரனிதாஸ் அண்ணையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அது அப்பிடித்தானம்மா."

"என்ன அப்பிடித்தான்? எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டாப்போலப் பாக்கவும் தெரியாதோ? அது ஆக்கள் பேர் வாற இடமெல்லோ." விரலால் கண்ணாடித் திரையைத் தட்டினார். "பாக்கிற சனத்துக்கு ஆரின்ர பிள்ளையெண்டு தெரிய வேண்டாமே? பாரிஸ்காரருக்கு எங்களைத் தெரியாது, விட்டிட்டாங்கள். நீ போடு."

"அக்கா, அப்பிடிப் போட்டா..." என்று தொடங்கிய அன்ரனிதாஸ் அண்ணை வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுது பிள்ளை. அப்பா சில்வெஸ்ரர். அம்மா மரியநாயகி. தங்கச்சி கிறிஸ்ரினா. ஊர்காவற்றுறை." அம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடித்தார். "அப்பாவுக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடு. எனக்குப் போட்டிடாத, நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

நான் அடித்தேன். காலஞ்சென்ற சில்வெஸ்ரர், மரியநாயகி ஆகியோரின் அன்பு மகன். கிறிஸ்ரினாவின் பாசமிகு சகோதரன். எத்தனையோ நூறு தரம் அடித்த வசனம், விரல் தன்பாட்டில் அடித்தது. எழுத்தும் தன்பாட்டில் எங்கள் வழமையான வெள்ளை எழுத்தாகவே வந்தது. முடிந்தபிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். கறுப்பு, மூடிய கண், பெயர், அடியில் உறவுகள். திகதியும் நல்லடக்கம் நடக்கிற இடமும் மட்டும்தான் இல்லை. அம்மா அன்றைக்கு விறாந்தையில் கண்டு பயந்த நோட்டீசை இன்றைக்கு நானே அடித்து முடித்திருந்தேன்.

"இப்பதான் வடிவு," என்றார் அம்மா.

அன்று பின்னேரமே சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அம்மா தானே ஆணி அடித்துக் கொழுவினார். சரிபார்க்கத் தள்ளி நின்றார். பிறகு நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய, ஆனால் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பு. நானும் பக்கத்தில நிக்கிறன்."

சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று உடுப்பை இழுத்துவிட்டார். கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றார், ஒரு தரமும் இமைக்காமல். நான் எடுத்தேன். அனுப்பாமல் அனுப்பியதாகச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பினேன்.

கைத்தொலைபேசியில் இரண்டு சரி அடையாளமும் நீலமாகின. எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்கு வாசிக்க முடியாத திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வந்தது.

"வடிவாயிருக்கு. இதை வேற ஒருத்தருக்கும் அனுப்பிப்போடாத."

"என்னவாம்?"

"வடிவாயிருக்காம்."

"அவ்வளவும்தானோ?"

"ஓம், அவ்வளவும்தான்."

அம்மா தலையாட்டினார். சட்டம் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, "வாற வருசம் வரேக்க நேரில பாக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே ஆணியில் இன்னும் இரண்டு அடி போட்டார்.